பன்னிரண்டு வீட்டுத் துணி

வானம் கறுத்தால் ஆஸ்பத்திரித் துணி அறையில் என்னோடு வேலை செய்கிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "போனக்காட்டு அக்கா, மழை வருது, துணி எடுக்க ஓடலையா?" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஒன்பது வருடமாக இப்படிச் சிரித்துவைத்துக்கொண்டுதான் இருந்தேன். நான் போனக்காடு இல்லை. விதுரைக்கு மேலே மலையில் இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டை, போன மாதம்வரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. போனக்காடு என்றால் அது அவள்.

அவளைப் பற்றி எழுத எனக்கு வருமா என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வரி எழுதினால் மூன்று தரம் படித்துப் பார்க்கிறேன், வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பதுபோல. ஆனாலும் எழுதாமல் இருந்தால், அவள் எனக்குக் கொடுத்தது எல்லாம் என்னுடையது என்றே ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

இந்த மலையாள நகரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை. கடை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். முன்னே பின்னே தெரியாத ஒருத்தி வந்து என் கையில் ஒரு குடையைத் திணித்தாள்.

"நீங்க எப்படிப் போவீங்க?" என்றேன்.

"நான் நனைஞ்சா காயும். நீ நனைஞ்சா நாளைக்கு லீவு போடுவ. உன்னைப் பாத்தாலே தெரியுதே."

மறுநாள் குடையைக் கழுவித் துடைத்து, மடித்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் அது என்னவோ புதுப் பொருள் மாதிரிப் பார்த்தாள். "அவிடெ இருக்கட்டே" என்றாள். மலையாளத்தில், அங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தம். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வாள். அன்றைக்குக் கேட்டது. பிறகு எத்தனை நூறு தரம் கேட்டேன் என்று கணக்கில்லை.

கொடுத்த பொருளைத் திருப்பி வாங்க அவளுக்குப் பிடிக்காது. தானம் செய்கிற குணம் என்று நினைத்துவிட வேண்டாம். தானம் கொடுக்கிறவர்கள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். இவள் முகத்தில் அது இருக்காது. அவள் கணக்குப்படி ஒரு பொருள் யாருக்கு இப்போது தேவையோ அவர்களிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கிளிப், துப்பட்டா, தோடு, பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம், எல்லாமே அப்படித்தான். இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், அந்தக் கணக்கு என் பொருள்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒருநாள் கடையில் என் குடையைக் காணவில்லை. அண்ணாச்சி மேசைக்கு அடியில்கூடக் குனிந்து தேடினேன்.

"கைக்குழந்தையோட ஒரு சேச்சி வந்திருந்தா. வெயிலு. கொடுத்தேன்" என்றாள் அவள்.

"அது என் குடை."

"உன் குடைதான். யார் இல்லைன்னா? என் குடை உன் வீட்டுல இருக்கே, அப்புறம் என்ன?"

அந்தச் சேச்சி பத்து நாள் கழித்துக் குடையோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வந்தாள். பழத்தை இவள் கடையில் எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒன்று வந்தது.

அண்ணாச்சிக்கும் இது நடந்தது. அவள் குடியிருந்த சந்தில் ஒரு வீட்டில் பால்காய்ப்பு. பாயசத்துக்குப் பெரிய பாத்திரம் இல்லை என்று அவர்கள் தவித்திருக்கிறார்கள். இவள் கடையிலிருந்து ஒரு புது அண்டாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை அது புளி போட்டு விளக்கி, பளபளவென்று பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி லேசுப்பட்டவர் இல்லை. அண்டாவுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"ஏ பிள்ள, இதுல பாயச வாசம்லா அடிக்கி."

"நல்ல சகுனம் அண்ணாச்சி. புது வீட்டுப் பாயசம்."

"இதைப் புதுசுன்னு நான் எப்படிட்டி விப்பேன்?"

"ருசி பாத்த அண்டான்னு விலையைக் கூட்டி வில்லுங்க."

அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டினார். அந்த அண்டா விற்கவே இல்லை. கடைக்குப் பின்கட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டார். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அதன்மேல்தான் அவள் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் தூக்குவாளியில் யாரோ ஒரு ஆணின் பெயர் வெட்டியிருக்கும். தப்பாகப் பெயர் வெட்டிக் கழித்துப்போட்டதை அவள் எடுத்துக்கொண்டாள். "யாரு இது, உன் மாப்பிள்ளையா?" என்று கேட்டால், "ஆமா, துபாயில இருக்காரு" என்பாள்.

ஆறு மாதத்தில் நான் அவள் அறைக்கே குடிவந்துவிட்டேன். என் அம்மா இறந்தபிறகு அப்பா சொந்த ஊர் கடையநல்லூருக்கே போய்விட்டார். நான் இங்கேயே தனியாக ஒண்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனக்காட்டிலிருந்து அவள் அம்மா போன் செய்வார். இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "எனக்கு மீன் கருகுது, நீ பேசு" என்று போனை என் காதில் வைத்துவிடுவாள். "சோறு தின்னியா மக்களே?" என்று அந்தப் பக்கம் கேட்டது. அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அப்புறம் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் நான்தான் பேசுவேன். மலையில் மழை எப்போது பிடித்தது, எந்தப் படியில் அட்டை ஏறும், யானை எந்த வழியாக வந்து யார் வீட்டு வாழையை ஒடித்தது, எல்லாம் எனக்குத் தெரியும். குடை, துப்பட்டாவோடு அம்மாவையும் இரவல் கொடுத்திருந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மீன் கருகுகிறது என்றே நம்பியிருந்தேன்.

மூன்றாவது வருடம் அண்ணாச்சிக்கு இடுப்பில் ஆபரேஷன். மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான், பாத்திரக்கடை வேண்டாம் என்றுவிட்டான். "சித்திரையோட கடையை ஒழிக்கப்போறேன், நீங்க ரெண்டு பேரும் வேற பாத்துக்கிடுங்க" என்று அண்ணாச்சி சொன்னார். அறைக்கு வாடகை, ரேஷன், அடுத்த மாதம் என்று என் மனது எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பேப்பரில் ஒரு விளம்பரத்தை வெட்டிக்கொண்டு வந்தாள். பெரிய தனியார் ஆஸ்பத்திரி. துணி அறைக்கு ஆட்கள் தேவை. படுக்கை விரிப்பு, போர்வை, ஆபரேஷன் தியேட்டர் துணி, எல்லாம் எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுக்கிற வேலை. தமிழோ மலையாளமோ பேசத் தெரிந்தால் போதும். நேர்முகத் தேர்வு உண்டு.

நேர்முகத் தேர்வு என்ற வார்த்தையைப் படித்ததும் நான் வரமாட்டேன் என்றுவிட்டேன்.

"பழகிட்டுப் போலாம்" என்றாள்.

மறுநாள் மத்தியானத்திலிருந்து பின்கட்டில் பயிற்சி. கவிழ்த்துப்போட்ட அண்டாமேல் அவள் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாள். அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வாள். நான் தட்டு அடுக்குக்கு அந்தப் பக்கம் போய், அங்கிருந்து "மே ஐ கமின் மேடம்" என்று சொல்லிக்கொண்டு வரவேண்டும்.

"வரூ. இரிக்கூ. தன்னெப்பற்றி ரெண்டு வாக்கு பறயூ." வா, உட்கார், உன்னைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல் என்று அர்த்தம்.

"பேரு சொல்லணுமா?"

"சொல்லு."

சொன்னேன். "எட்டாம் கிளாஸ். வேற ஒண்ணுமில்ல மேடம்."

அவள் கண்ணாடியை இறக்கி அதற்கு மேல் என்னைப் பார்த்தாள். "இருபத்தொன்பது வயசாகுது. வேற ஒண்ணுமில்லையா? பள்ளிக்கூடம் விட்டதிலேருந்து நேத்துவரைக்கும் தூங்கிட்டா இருந்த?"

"வேற என்ன சொல்ல?"

"எதுக்குப் படிப்பை விட்டே, அதைச் சொல்லு. அவங்க கட்டாயம் கேட்பாங்க."

அது அவளுக்குத் தெரியும். ஒரு தரம் நானே சொல்லியிருந்தேன். நாங்கள் குடும்பத்தோடு கட்டட வேலைக்கு இங்கே வந்தவர்கள். எனக்குப் பதின்மூன்று வயதில் அம்மா சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. மெடிக்கல் காலேஜில் மூன்று மாதம், கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு நான்தான் பார்த்தேன். அம்மாவை ஒரு பக்கமாக உருட்டி, பாதி விரிப்பைச் சுருட்டி, புதுசைப் போட்டு, மறுபக்கம் உருட்டி மீதியை இழுக்க ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். புண் வராமல் நாலு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அம்மா இல்லை.

"துணி அறை வேலைக்கு இதைவிட வேற என்னடி வேணும்?" என்று அண்டாவைத் தட்டினாள். "படிப்பு ஏறலைன்னு வெட்கப்பட்டுச் சொல்றியே, இதைச் சொல்லு. கையால காட்டு, எப்படி உருட்டணும்னு."

"வராது."

"ஒரு தரம் சொல்லிப் பாரு."

"சாரத்திலேருந்து..." என்று தொடங்கியதும் திரும்பித் தட்டுகளை அடுக்கப் போய்விடுவேன். நாலு நாள் முயன்றேன். ஐந்தாம் நாள் அவள் கீழே இறங்கி என்னை அண்டாமேல் உட்காரவைத்து, கண்ணாடியையும் எனக்கு மாட்டிவிட்டாள். "நீ மேடம். நான் சொல்றேன், கேளு. எப்படிச் சொல்றதுன்னு பாத்துக்க."

அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகக் கேட்டேன்.

"நான் போனக்காடு மேடம். எங்க லயத்துல பன்னிரண்டு வீடு, வரிசையா. பெரியவங்க எல்லாம் கொழுந்து கிள்ள மேல போயிடுவாங்க. மலையில மழை சொல்லிட்டு வராது. எனக்குப் பத்து வயசு. துணி காயப்போடற கம்பியில பன்னிரண்டு வீட்டுத் துணியும் தொங்கும். முதல் துளி விழறதுக்குள்ள அத்தனையும் எடுத்து, மடிச்சு, அந்தந்த வீட்டு வாசல்ல வச்சிடுவேன். ஒரே மாதிரி கைலி, ஒரே மாதிரி சட்டை. ஒரு நாளும் ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனதில்ல. எப்படித் தெரியும்னு கேட்பாங்க. கிழிசல் தெரியும் மேடம். தையல் தெரியும். யார் வீட்டு சோப்பு என்ன வாசம்னு தெரியும்."

நான் மேடம் என்பதை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அடுத்த பத்து நாளும் நான் தடுமாறுகிறபோதெல்லாம் அவள் இதையே சொல்லிக் காட்டினாள். எனக்காகச் சொன்னாள். தனக்காக ஒரு தரமும் பழகவில்லை. அவளுக்கு எதற்குப் பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிளஸ் டூ பாஸ். பயம் என்றால் என்னவென்று தெரியாதவள்.

தேர்வு நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஏழாம் நம்பர், எனக்கு எட்டு. "எத்தனை பேரை எடுக்காங்க சேட்டா?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு ஒழிவே உள்ளூ."

ஒரே ஒரு இடம்தான். விளம்பரத்தில் ஆட்கள் என்று போட்டிருந்ததை நம்பி வந்தவர்கள் நாங்கள். நான் அப்படியே திரும்பி நடந்தேன். அவள் என் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற?"

"நீ போ. உனக்குக் கிடைக்கட்டும்."

"யாருக்குக் கிடைச்சா என்ன, ஒரே அறைதானே, ஒரே சோறுதானே. உக்காரு."

உட்கார்ந்தோம். ஆறாம் நம்பர் உள்ளே போனது. நான் பையைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "காத்திருக்கக் காத்திருக்க உனக்கு மோசமாகும். நீ முன்னால போ" என்று தன் சீட்டை என் கையில் வைத்து, என்னுடையதை எடுத்துக்கொண்டாள். தன் முறையையும் கொடுத்துவிட்டாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு மேடம். பக்கத்தில் தலையை நிமிர்த்தாத ஒரு சார். "தன்னெப்பற்றி பறயூ" என்றார் மேடம். அண்டாமேலிருந்து கேட்ட அதே கேள்வி. என் பெயர் வந்தது. அம்மா என்று தொடங்க வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நான் போனக்காடு மேடம். எங்க லயத்துல பன்னிரண்டு வீடு..."

என் காதுக்கே அது கேட்டது. நிறுத்தவேண்டும் என்று தெரிந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கப் பயந்து அடுத்த நிறுத்தம்வரை உட்கார்ந்திருப்பவள்போல அந்தக் கதையின் கடைசிவரை போனேன். கிழிசல், தையல், சோப்பு வாசம். தலை நிமிர்த்தாத சார் நிமிர்ந்து பார்த்தார். மேடம் சிரித்தார். என்ன கொழுந்து, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் போன்களில் கேட்டது அத்தனையும் வரிசையாக வந்தது. எதுவரை படித்தாய் என்று கேட்டபோது மட்டும் எட்டு என்று என்னுடையது வந்தது. என் காகிதத்திலும் எட்டுதான். முகவரிக்கு சாலைச் சந்து. எதுவும் இடிக்கவில்லை.

வெளியே வந்து அவள் முன்னால் நின்றேன். "உன்னுடையதைச் சொல்லிட்டேன்."

"எதை?"

"துணியை. பன்னிரண்டு வீடு. போனக்காடு. எல்லாத்தையும்."

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். எட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். "அவிடெ இருக்கட்டே" என்றாள், உள்ளே போய்விட்டாள்.

பத்து நிமிடம்தான். வந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தையோ சொன்னேன். வா, பசிக்குது."

எதிர்க் கடையில் புரோட்டா தின்றோம். எத்தனை தரம் கேட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் காத்திருந்த நாற்காலியில் சீட்டு கிடந்ததைக் கிளம்பும்போது பார்த்திருந்தேன். விளக்குத் திரிபோல முறுக்கப்பட்டிருந்தது. யாரோ கையில் வேலையில்லாமல் முறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் வேலை எனக்கு என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் அழுதேன், அவள்தான் மீன் வாங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் கறுப்பு ஷூ கட்டாயம். தனக்கென்று முன்னாலேயே வாங்கி வைத்திருந்த ஷூவைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்தாள். "உன் கால் என்னைவிட ஒரு விரல் சின்னது. முன்னால பஞ்சு வை."

கடை மூடியதும் அவள் திருப்பூருக்குக் கிளம்பினாள். சித்தி மகள் பனியன் கம்பெனியில் இருந்தாள். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு நான் ஒரு பையோடு போனேன். அதுவரை அவள் கொடுத்திருந்தது எல்லாம் அதில் இருந்தது. குடை, இரண்டு துப்பட்டா, தோடு, கிளிப்புகள். அவள் ஜன்னல் வழியாகப் பையை வாங்கித் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ் நகருமுன்பே ஒரு துப்பட்டா பக்கத்து இருக்கைக் குழந்தையின் தலையைச் சுற்றியிருந்தது. ஷூவைப் பையில் வைக்கவில்லை. அது என் காலில் இருந்தது.

சில மாதம் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. அவள் அம்மாவின் நம்பரும் அதையே சொன்னது. கோபித்துக்கொண்டாளோ, ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஆயிரம் நினைத்தேன். போனக்காடு போய் விசாரித்திருக்கலாம். போகவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் போனக்காடு. புதிதாக வருகிறவர்களிடம் மேடமே, "பன்னிரண்டு வீட்டுத் துணியை மாறாம மடிச்சுவச்ச ஆளு இது" என்று என்னைக் காட்டுவார். அங்கே பழைய துரை பங்களாவில் பேய் இருக்கிறதாமே என்று நர்ஸ் பிள்ளைகள் கேட்டால், நான் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொல்வேன். அந்த ஊருக்கே போய் ஒருவர் என்னை யார் என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் வருடங்கள் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் எதற்கென்று தெரியாமல் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் மேடம் ஓய்வு பெற்றார். கடைசி வாரத்தில் பழைய அலமாரியை ஒழிக்கக் கூப்பிட்டார். அழிக்கவேண்டிய காகிதக் கட்டுகளை நான் எடுத்துக் கொடுக்க, அவர் புரட்டிப் பார்த்து சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்தில் கை நின்றது.

"உன்கூட அன்னைக்கு ஒரு குட்டி வந்தாளே, இவதானே?"

பயோடேட்டா. மூலையில் போட்டோ. ஒன்பது வருடம் கழித்து அவள் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னிடம் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை.

"நல்ல சிரிச்ச முகம்" என்றார் மேடம். "ஆனா கள்ளம் பறஞ்சு, பொய் சொன்னா."

"என்ன கள்ளம் மேடம்?"

"அம்மா சாரத்துல இருந்து விழுந்து முதுகு போச்சுன்னு சொன்னா. மெடிக்கல் காலேஜ்ல தரையில படுத்து மூணு மாசம் நோக்கினேன்னு. விரிப்பு மாத்தறப்போ எப்படி உருட்டணும்னு இந்த மேசையில கையால காட்டினா, கேட்டியா. எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. இவளைத்தான் எடுக்கணும்னு நினைச்சேன். அதனால எட்டாம் கிளாசோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு மேடம்னு முடிச்சா. காகிதத்தைப் பாக்கறேன், பிளஸ் டூ. அம்மா எஸ்டேட் தொழிலாளி. இது என்ன மோளேன்னு கேட்டேன். முகம் வெளுத்துப்போச்சு. அப்புறம் சிரிச்சா. பெத்த அம்மாவை வச்சுக் கள்ளம் சொல்றவ கையில துணி அறைச் சாவியை எப்படிக் கொடுக்க?"

என் கையிலிருந்த கட்டை மேசையில் வைத்தேன்.

அவள் தன்னுடையதைச் சொல்லியிருந்தால் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே கதை வந்திருக்கும், நான் மாட்டியிருப்பேன். கையிலிருந்ததைத்தான் அவள் எனக்குக் கொடுத்துவிட்டாளே. நாற்பது தரம் என் வாயிலிருந்து வரவைக்கப் பார்த்த என் கதைதான் மிச்சமிருந்தது. அதை எடுத்தாள். அவசரத்தில் எடுத்ததால் எட்டாம் வகுப்பும் கூடவே வந்துவிட்டது, எனக்குப் போனக்காடு வந்ததுபோல. திரிபோல முறுக்கிக் கிடந்த அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் பயம் சொந்தம் என்று நான் இருந்திருக்கிறேன்.

"மேடம்" என்றேன். "அது என் அம்மா."

பிறகு சொன்னேன். சாரத்திலிருந்து தொடங்கினேன். இந்தத் தரம் பாதியில் நிறுத்தவில்லை. பாதி விரிப்பைச் சுருட்டுவதை நானும் அந்த மேசையில் கையால் காட்டினேன். வேலை போய்விடும் என்று உள்ளுக்குள் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே கடைசிவரை சொன்னேன்.

மேடம் சாக்கைத் தள்ளிவைத்தார். "அப்போ போனக்காடு?"

"அது அவ, மேடம்."

"ரிட்டயர் ஆகிற வாரத்துலயா என்கிட்ட இதைச் சொல்ற?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அந்தப் பயோடேட்டாவின் அடியில் சிவப்பு மையில் மலையாளத்தில், நம்பத் தகுந்தவள் இல்லை என்று அவர் கையெழுத்தே இருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்தார். மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நீ கொண்டுபோ. அட்ரஸ் இருக்கு."

அதில் அவள் பெயரும் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. அவளைக் கேட்காமல் அவளிடமிருந்து எடுத்தது ஒன்று போதும்.

அடுத்த விடுமுறை நாளில் விதுரையில் இறங்கி பஸ் மாறினேன். வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் கேட்டால் என்ன சொல்வது என்று பழகிக்கொண்டே போனேன். அந்த லயத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. நின்று எண்ணினேன். பன்னிரண்டு கதவு. ஏழு பூட்டியிருந்தது. அவள் வீட்டுக் கதவும் பூட்டு.

பக்கத்து வீட்டில் என்னைவிட மூத்த ஒரு அக்கா சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். "அந்த அம்மா மகள்கிட்டயே போயிடுச்சு, ரெண்டு மூணு வருஷம் இருக்கும். திருப்பூர்லயும் இல்லைன்னு சொன்னாங்க, வேற எங்கயோ. நம்பர் இல்லியே பிள்ளே. நீ யாரு?"

"நான் கடையநல்லூர். அவளோட சாலையில வேலை பாத்தேன்."

பழகிக்கொண்டு வந்தது எதுவும் தேவைப்படவில்லை.

"அவளா" என்று சிரித்தார் அக்கா. "சின்னதுல இந்தக் கம்பி பூராவும் அவ பொறுப்புதான்."

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். ஐந்து வீட்டுத் துணி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலைக்கு அந்தப் பக்கமிருந்து மழை வந்துவிட்டது. சொல்லிவிட்டு வராது என்று அவள் சொன்னது சரிதான். நான் ஓடினேன். கைகொள்ளாமல் வாரி எடுத்துக்கொண்டு வந்து, மடித்து மடித்து வாசல் வாசலாக வைத்தேன். ஒன்பது வருடம் ஒரு ஆஸ்பத்திரியின் துணியை மாறாமல் எண்ணிக் கொடுத்தவள் நான். இங்கே கிழிசலும் தெரியவில்லை, தையலும் தெரியவில்லை. முகத்தருகே வைத்து மோந்துகூடப் பார்த்தேன். எல்லாம் மழை வாசம்தான்.

அக்கா பின்னாலேயே வந்து பார்த்தார். "என் மாப்பிள்ள கைலியை அங்க கொண்டுபோய் வச்சிருக்க. கடைசி வீட்டுக் கிழவி சட்டை என் வாசல்ல இருக்கு. எல்லாம் தலைகீழு."

"மாத்திடறேன் அக்கா. ஒரு நிமிஷம். இதோ மாத்திடறேன்" என்று எல்லாவற்றையும் மறுபடி அள்ளப் போனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவிடெ இருக்கட்டே" என்றார். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, அவளைப் போலவே.

நான் துணியை அங்கேயே விட்டுவிட்டு, மழை நிற்கும்வரை அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன்.